வெள்ளி பூசிய தையல் வளையம்: சில்சோன் இதய வால்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

1997-க்கும் 2000-க்கும் இடையில் உலகம் முழுக்க ஏறத்தாழ 36,000 செயற்கை இதய வால்வுகள் வெள்ளிப் பூச்சோடு பொருத்தப்பட்டன. பூச்சின் வணிகப் பெயர் சில்சோன். தயாரித்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருந்த செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம். தொற்று வராமல் இருக்கப் பூசிய வெள்ளி, வால்வின் ஓரத்தில் ரத்தக் கசிவைக் கூட்டுகிறது என்பது ஒரு பெரிய மருத்துவப் பரிசோதனையின் பாதியில் தெரியவந்தது. அதுவரை யாருக்கும் பொருத்தாமல் இருந்த வால்வுகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன.

இம்பிளாண்ட்டுக்கு, அதாவது உடம்புக்குள் பொருத்தும் கருவிக்கு, மேற்பூச்சு தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. இது மோசடிக் கதை இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த முடிவுக்கு அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது.

பின்னணி: வால்வும் அதன் துணி வளையமும்

செயின்ட் ஜூட் வால்வு புதுச் சரக்கு இல்லை. இரண்டு அரைவட்ட இதழ்கள் திறந்து மூடும் அந்த வடிவம் 1977 அக்டோபரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகில் அதிகம் பயன்படும் இயந்திர வால்வுகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. இதழ்களும் அவற்றைத் தாங்கும் வெளிச்சட்டமும் பைரோலிட்டிக் கார்பன். உண்மையில் அதுவும் ஒரு பூச்சுதான். கிராஃபைட்டை அடியில் வைத்து, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான உலையில் ஹைட்ரோகார்பன் வாயுவைச் சிதைத்து அதன்மேல் படிய வைப்பார்கள். அணு உலை எரிபொருள் மணிகளுக்கு உறை போட உருவாக்கிய தொழில்நுட்பம் அது. ரத்தம் அதன்மேல் எளிதில் உறையாது, தேய்மானமும் மிகக் குறைவு. இம்பிளாண்ட் பூச்சுகளில் பெரிய வெற்றி எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

பிரச்சினை கார்பனில் இல்லை, அதைச் சுற்றியிருந்த துணியில். கார்பனில் ஊசி இறங்காது. அதனால் வால்வைச் சுற்றி பாலியெஸ்டர் துணியில் ஒரு வளையம் வைப்பார்கள். அறுவை மருத்துவர் கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தின் விளிம்பில் சுற்றிலும் பத்துப் பதினைந்து நூல்களைக் கோப்பார். ஒவ்வொரு நூலின் மறுமுனையும் துணி வளையத்துக்குள் போகும். எல்லாம் கோத்து முடிந்ததும் வால்வை நூல்களின் வழியே கீழே இறக்கி உட்கார வைத்து, ஒன்றொன்றாக முடிச்சுப் போடுவார்.

நூல் வால்வைப் பிடித்து வைக்கும், அடைக்காது. சுவரில் ஜன்னல் சட்டத்தை ஆணியடித்து நிறுத்திய பிறகு சுற்றிலும் சிமெண்டு வைத்தால்தானே மழைத்தண்ணீர் உள்ளே வராது? இங்கே சிமெண்டு வேலையைச் செய்வது நோயாளியின் சொந்தத் திசு. முதலில் துணிக்குள் ரத்தப் புரதம் படியும். பிறகு அழற்சிச் செல்கள் வரும், அவற்றைத் தொடர்ந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற திசு கட்டும் செல்கள் வந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்யும், கடைசியில் மேலே மெல்லிய உட்தோல் மூடும். இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். இந்தத் துணி வளையத்தின் முதல் வேலை திசுவை உள்ளே வரவழைப்பது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் மையம்.

தீர்க்க நினைத்த பிரச்சினை

அதே துணியின் நுண்ணிடைவெளிகளில் கிருமியும் குடியேறும். செயற்கை வால்வு வைத்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 6 பேருக்கு அந்த வால்வில் தொற்று வரலாம் என்பது பாடநூல் கணக்கு. எண் சிறியதாகத் தெரியும், வந்தால் கொடுமை. வளையத்தைச் சுற்றிச் சீழ் கட்டும், தையல் அறுந்து வால்வு ஆடும், ரத்தத்தில் கிருமிக் கட்டி உடைந்து மூளைக்குப் போகும். மறுபடியும் நெஞ்சைத் திறந்து, அழுகிய திசுவில் இன்னொரு வால்வைத் தைக்க வேண்டிவரும். வைத்தியம் நன்றாகக் கிடைத்தாலும் பலர் பிழைப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு நோயைத் தடுக்க வளையத்துக்கே கிருமிநாசினி குணம் கொடுக்கலாம் என்று 1990-களின் நடுவில் யோசித்தது இயல்பானதுதான்.

வெள்ளியைத் தேர்ந்தெடுத்த காரணம்

வெள்ளிக்கு நல்ல பெயர் உண்டு. நம் வீடுகளில் குழந்தைக்கு வெள்ளிச் சங்கில் பால் புகட்டுவதை விட்டுவிடுவோம். மருத்துவத்திலேயே 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்வையைக் காப்பாற்றினார்கள். இன்றும் தீக்காய வார்டில் வெள்ளை வெளேரென்று அப்பிவிடும் களிம்பு சில்வர் சல்ஃபாடயசின்தான். சிறுநீர்க் குழாய்களிலும் ரத்தக் குழாய்க் கதீட்டர்களிலும் வெள்ளி ஏற்கெனவே வந்திருந்தது.

ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பூசுவதோடு ஒப்பிட்டால் வெள்ளிக்குச் சாதகங்கள் பல. ஒரே சமயத்தில் பலவகைக் கிருமிகளைத் தாக்கும். பல இடங்களில் தாக்குவதால் கிருமி எதிர்ப்புச் சக்தி பெறுவது கடினம். சூட்டிலும் கிருமி நீக்கத்திலும் கெடாது. சிறிய அளவில் உடம்பு தாங்கிக்கொள்ளும்.

பூசும் முறையும் கவனமாகத் தேர்ந்ததே. சாதாரணமாகப் பூசினால் துணி வளையும்போது வெள்ளி உதிரும். அதனால் அயனிக் கற்றை துணையோடு படியவைக்கும் முறையை எடுத்தார்கள். வெற்றிட அறைக்குள் வெள்ளியை ஆவியாக்கி, அது இழைமேல் படியும்போதே அயனிகளால் அடித்து உள்ளே அழுத்துவது. இழையை விட்டு எளிதில் பிரியாத மெல்லிய படலம் கிடைக்கும். பொறியியல் பார்வையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் தேர்வுக்குப் பயன்பட்ட கேள்விப் பட்டியலைப் பாருங்கள்: கிருமியைக் கொல்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நச்சு இல்லாமல் இருக்கிறதா. மூன்றும் பூச்சைப் பற்றிய கேள்விகள். வளையம் தன் முதல் வேலையைப் பழையபடி செய்கிறதா என்பதற்கு இவற்றைப் போல நேரான கேள்வி இல்லை. வெள்ளி அயனி கிருமியின் என்சைம்களில் உள்ள கந்தகக் குழுக்களோடு ஒட்டி அவற்றை முடக்குகிறது. அதே கந்தகக் குழுக்கள் நம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லிலும் உண்டு. கிருமி சாகும் அளவுக்கும் நம் செல் சுணங்கும் அளவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பூச்சின் தலைவிதி.

செம்மறியாட்டில் பார்த்தது

வால்வுகளைச் செம்மறியாடுகளில் பொருத்திப் பார்த்தார்கள். வால்வு ஆய்வுகளுக்கு வழக்கமான விலங்கு அதுதான். வெள்ளி பூசிய வளையத்தின்மேல் வளர்ந்த திசு, பூசாததைவிட மெல்லியதாகவும் சீராகவும் இருந்தது. அழற்சியும் குறைவாகத் தெரிந்தது.

நல்ல செய்தியாகவே இது படிக்கப்பட்டது. அதில் தவறில்லை என்று சொல்லவும் இடமிருக்கிறது: வளையத்தின் மேல் திசு அளவுக்கு மீறி வளர்ந்தால் அது உள்நோக்கி நீண்டு, இதழ் மூடுவதைத் தடுக்கும். இயந்திர வால்வு வைத்தவர்களுக்கு அது தெரிந்த தொல்லை. ஆகவே மெல்லிய திசு என்றால் லாபம்.

அதே படத்தை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். திசு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம், அதை வளர்க்கும் செல்கள் மெதுவாக வேலை செய்வதாகவும் இருக்கலாமே? நுண்ணோக்கியில் தெரிந்தது ஒன்று, அதற்கு இரண்டு விளக்கம். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்லும் சோதனை அந்த இடத்தில் தேவைப்பட்டது.

செம்மறியாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கு எடுப்பது இளம் வயது, ஆரோக்கியமான ஆடு. வால்வு விளிம்பு மிருதுவாக இருக்கும், காயம் மளமளவென்று ஆறும். வால்வு மாற்ற வரும் மனிதருக்கோ விளிம்பில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், வயது அறுபதைத் தாண்டியிருக்கலாம். ஆறும் வேகத்தை ஒரு பூச்சு சற்றே குறைத்தால், ஆடு அதைத் தாங்கிக்கொண்டு ஒன்றும் காட்டாமல் போய்விடும்.

அனுமதி, விற்பனை, பரிசோதனை

வால்வு 1997-ல் ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற வால்வில் வளையத்துக்கு மட்டும் ஒரு மாற்றம் என்ற கணக்கில், பழைய அனுமதியின் துணை விண்ணப்பமாக அது போனது. வால்வை முழுதும் புதிய கருவியாகக் கருதி மனிதர்களிடம் முன்கூட்டியே பெரிய பரிசோதனை நடத்த வேண்டிய பாதை அது இல்லை. இருபது ஆண்டு நற்பெயர் கொண்ட வால்வு, நூறாண்டு நற்பெயர் கொண்ட வெள்ளி. இரண்டையும் தனித்தனியே எல்லோருக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் புதிது.

ஆனால் தொற்றைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ய மனிதச் சான்று வேண்டும். அதற்காக 1998-ல் அவெர்ட் என்ற பரிசோதனை தொடங்கியது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளி பூசிய வால்வு, மறுபாதிக்குப் பூசாத அதே வால்வு. திட்டமிட்ட எண்ணிக்கை 4,400 பேர். வால்வுத் தொற்று அரிதாக வருவது. அது குறைந்தது என்று காட்ட அத்தனை பேர் தேவை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நன்மையை நிரூபிக்க 4,400 பேர் வேண்டியிருந்த ஒரு பூச்சு, அந்த நிரூபணம் வருவதற்கு முன்பே பரிசோதனைக்கு வெளியே பல்லாயிரம் பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே பொருத்தியவர்களில் யாருக்கு என்ன ஆகிறது என்று ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு பரிசோதனை அளவுக்கு இல்லை. போதாக்குறைக்கு, தொற்று பயம் அதிகம் உள்ள நோயாளிகளுக்குத்தான் மருத்துவர்கள் இதை விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்குக் கசிவு வந்தாலும் ‘ஏற்கெனவே சீழ் பிடித்த திசு, அதனால்தான்’ என்று விளக்கம் தயாராக இருக்கும்.

முதல் அறிகுறிகள்

வால்வோரக் கசிவு எப்படி வெளிப்படும் என்று சொல்லிவிடுகிறேன். வால்வு ஒழுங்காகத் திறந்து மூடும், இதழில் குறையே இருக்காது. வளையத்துக்கும் இதயச் சுவருக்கும் நடுவே ஒரு பிளவு, அதன் வழியாக ரத்தம் பீறிட்டுப் பின்னோக்கிப் போகும். பிளவு சிறியதானால் எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலி அலைப் படத்தில், ஒரு வண்ணக் கீற்று, அவ்வளவுதான். நடுத்தரமானால் சிவப்பணுக்கள் அந்த இடுக்கில் அடிபட்டு உடையும். நோயாளிக்குச் சோகை வரும், சிறுநீர் கறுத்துப் போகும். பெரிதானால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். அப்போது மறு அறுவைதான். மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவில் கார்பனின் நிழல் விழுந்து இது மறைந்துவிடும், குறிப்பாக இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வில். உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்தால்தான் சரியாகத் தெரியும்.

முதல் எச்சரிக்கை வந்தது வேறு பக்கத்திலிருந்து. வேல்ஸில் கார்டிஃப் நகரின் ஒரு மருத்துவமனைக் குழு, வால்வு மாற்றிய நோயாளிகளுக்கு ரத்தக்கட்டி நகர்ந்து மூளைக்கோ வேறு உறுப்புக்கோ போவது எவ்வளவு, ஏன் என்று தொடர்ந்து ஆய்ந்துகொண்டிருந்தது. சில்சோன் வால்வு வைத்தவர்களிடம் அது கூடுதலாக இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது. பூச்சைச் சந்தேகப்பட்டு அவர்கள் தேடவில்லை. வேறு காரியத்துக்காக எல்லோரையும் ஒரே அளவுகோலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அதனால் தெரிந்தது. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அதே வால்வு அதே காலத்தில் பயன்பட்டது. எண்ணாத இடத்தில் எதுவும் தெரிய வழியில்லை.

2000 ஜனவரி

அவெர்ட்டில் அதுவரை 807 பேர் சேர்ந்திருந்தார்கள். சுயேச்சையான கண்காணிப்புக் குழு எண்களைப் பார்த்தபோது, பெரிய அளவு வால்வோரக் கசிவும் அதனால் வால்வைக் கழற்ற வேண்டிய நிலையும் வெள்ளிப் பிரிவில் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. தொற்றில் லாபம் எதுவும் தெரியவில்லை. குழு சேர்க்கையை நிறுத்தச் சொன்னது. அந்த மாதமே நிறுவனம் பொருத்தப்படாத சில்சோன் வால்வுகள் அனைத்தையும் உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்றது.

இந்த முடிவைப் பாராட்ட வேண்டும். 4,400 பேர் சேரும்வரை காத்திருந்தால் தொற்று பற்றிய கேள்விக்கு முழுப் பதில் கிடைத்திருக்கும், அதற்குள் இன்னும் எத்தனையோ பேருக்குக் கசிந்திருக்கும். குலுக்கல் முறை இருந்ததால்தான் 807 பேரிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. ‘திசு ஏற்கெனவே மோசம்’ என்ற விளக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நோயாளிகள்.

ஏற்கெனவே பொருத்தியிருந்தவர்கள்

அப்புறம்தான் கடினமான கேள்வி. நெஞ்சுக்குள் சில்சோன் இருக்கும் ஆயிரக்கணக்கானோரை என்ன செய்வது? சீட்டில் தன் வால்வின் பெயரைப் பார்த்துவிட்டு வருபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘கழற்றிடலாமா டாக்டர்?’ என்பதாகத்தான் இருக்கும்.

வேண்டாம் என்பதே கொடுக்கப்பட்ட அறிவுரை. கசிவு இல்லாதவருக்கு மறு அறுவையின் ஆபத்து, பின்னால் கசிவு வரும் ஆபத்தைவிடப் பெரிது. அறிகுறியைக் கவனித்து, எக்கோ மூலம் தொடர்ந்து பார்ப்பது, கசிவு பெரிதானால் மட்டும் தலையிடுவது என்று முடிவானது. பின்வந்த நீண்டகாலப் பகுப்பாய்வுகள் இதற்கு ஆதரவாகவே அமைந்தன: கூடுதல் ஆபத்து பொருத்திய தொடக்க காலத்தில் குவிந்திருந்தது, அதைக் கடந்தவர்களுக்கு அது தணிந்தது. திசு ஆறும் காலத்தில்தான் பூச்சு குறுக்கே நின்றது என்ற விளக்கத்தோடு இது பொருந்திப் போகிறது.

இன்னொரு விஷயமும் அந்தத் தரவில் வெளிவந்தது. தையல் முறைக்கும் பங்கு இருந்தது. நூல் திசுவை அறுத்துவிடாமல் இருக்க அடியில் வைக்கும் சிறு துணித் துண்டை, அதாவது பிளெட்ஜெட்டை, பயன்படுத்திய இடங்களில் பெரிய கசிவு குறைவு. திசு அடைப்பது தாமதமானால் அதுவரை முழுப் பாரமும் நூலின் மேல்தான் என்று இதற்கு நான் பொருள் கொள்கிறேன். பூச்சைத் தேர்ந்தெடுத்தபோது அறுவை அரங்கில் தையல் எப்படிப் போடுகிறார்கள் என்பது கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை.

நீதிமன்றத்தில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்குகள் போடப்பட்டன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த கூட்டு வழக்கு விசாரணை 138 நாள் ஓடியது. நோயியல், நச்சியல், புள்ளியியல் நிபுணர்கள் இரு தரப்பிலும் மோதினார்கள். வெள்ளி உண்மையிலேயே திசு ஆறுவதைக் கெடுத்ததா, எவ்வளவு வெள்ளி கசிந்து வெளியே வந்தது என்பதெல்லாம் அங்கே அலசப்பட்டது. 2012-ல் தீர்ப்பு வந்தது. கசிவு அபாயம் கூடியதை ஏற்றுக்கொண்ட நீதிபதி, வடிவமைப்பிலும் சோதனையிலும் நிறுவனம் கவனக்குறைவாக நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

நோயாளிகளுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் வடிவமைப்பாளர்கள் இந்தத் தீர்ப்பைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. அன்றைய வழக்கப்படி எல்லாம் செய்தும் இப்படி ஆனது என்றால், அந்த வழக்கமே போதவில்லை.

எதை மாற்றலாம்

முதலாவதாக, பூச்சைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே அந்தப் பரப்பு உடம்புக்குள் என்ன வேலை செய்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். தையல் வளையத்துக்கு: திசுவை உள்ளே விடு. பிறகு சேர்க்கும் ஒவ்வொரு குணமும் இந்த வேலைக்கு இடைஞ்சலா என்று அளக்க வேண்டும். ‘நச்சு இல்லை’ என்ற சான்றிதழ் இதற்குப் போதாது. செல் சாகாமல் இருப்பது வேறு, நகர்ந்து வந்து கொலாஜன் நெய்வது வேறு. ஆய்வகத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் கிருமியையும் ஒரே பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வளர விட்டு யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கலாம். வளர்ந்த திசுவின் தடிமனை அளந்தால் மட்டும் போதாது, வளையத்தைப் பிய்த்து எடுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்றும் அளக்கலாம். ஆட்டில் கண்ட மெல்லிய திசுவுக்கு எந்த விளக்கம் சரி என்பதை அந்த ஒரு எண் கொஞ்சம் தெளிவாக்கியிருக்கும்.

இரண்டாவது, பூச்சு எங்கே முடிய வேண்டும் என்ற கேள்வி. எலும்புப் புற்றுநோய்க்காகத் தொடை எலும்பின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு வைக்கும் பெரிய உலோக மூட்டுகளில் வெள்ளிப் பூச்சு ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே வெள்ளி, தசை மூடும் உடல்பகுதியில் மட்டும்தான். எலும்பு மஜ்ஜைக்குள் இறங்கும் தண்டில் பூசுவதில்லை, மூட்டு உராயும் பரப்பிலும் பூசுவதில்லை. எலும்போடு ஒட்ட வேண்டிய இடம் எலும்புக்கே விடப்படுகிறது. வால்வின் தையல் வளையத்தில் அப்படிப் பிரிக்க இடமே இல்லை. கிருமி குடியேறும் துணியும் திசு நுழையும் துணியும் ஒன்றுதான். அப்படிப் பிரிக்க முடியாத இடத்தில் நிலையான கிருமிநாசினிப் பூச்சை நான் தேர்ந்தெடுக்கத் தயங்குவேன்.

மூன்றாவது, பூச்சு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற கேள்வி. பேஸ்மேக்கரைப் போட்டுப் பொதிய ஆன்டிபயாட்டிக் தோய்த்த வலை உறை ஒன்று இருக்கிறது. மருந்து முதல் சில நாட்களில் வெளியாகும், வலையே சில வாரங்களில் கரைந்துவிடும். சுமார் 7,000 பேரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2019-ல் வந்தபோது, தொற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுகிறது, கருவியின் பரப்பு பழையபடியே இருக்கிறது. அறுவை அரங்கில் நுழையும் கிருமிக்கு எதிராக இந்தக் குறுகிய காலமே பெரும்பாலும் போதும். வளையத்தில் பதிந்த வெள்ளிக்கு அப்படி விலகும் வழி இல்லை.

நான்காவது நிர்வாகம் சார்ந்தது. பழைய கருவிக்குப் புதுப் பூச்சு போட்டால், சிறு மாற்றம் என்ற வரிசையில் அது எளிதாக நழுவிப் போகும். உடம்பு தொடும் பரப்பை மாற்றினால், உடம்பைப் பொறுத்தவரை அது புதுக் கருவி. முதல் சில நூறு பேரை ஒரு பதிவேட்டில் சேர்த்து, ஆறு வாரத்திலும் ஆறு மாதத்திலும் உணவுக்குழாய் எக்கோ பார்த்துவிட்டு அப்புறம் விற்பனையை விரிக்கலாம். அவெர்ட்டில் 807 பேரிலேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டது என்பதால், இது செய்ய முடியாத எண்ணிக்கையும் இல்லை.